மதியழகன் கார்க்கண்ணாடி இறக்கிய படலம்

முதற்கண் திருகாணிகளை வணங்குவோம். கழற்றும்போது கையில் இருந்து, மாட்டும்போது காணாமற்போய், கால்மிதியடியிலும் பூந்தொட்டிச் சந்திலும் கரந்துறையும் அச்சிற்றுருவப் பெருந்தெய்வங்கள், இக்கதை முடியுமட்டும் இருந்த இடத்திலேயே இருந்து அருள் புரிக. அடுத்து நம் தலைவனை வாழ்த்துவோம். பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவின் மேலத்தெருச் சிங்கம், ஆம்பூர்த் தோல்தொழிற்சாலையின் தரம்பிரிக்கும் மேசைக்கு முடிசூடா வேந்தன், சொன்ன சொல் மாறாதவன், பிறர் சொன்ன சொல் கேளாதவன், மதியழகன் வாழி. அவன் வலக்கைக் கட்டைவிரல் அவனினும் நெடிது வாழி.

அவ்விரலின் பெருமையைப் பாடாமல் மேலே செல்வது பாவம். ஒரு தோலை இரு விரலிடை வைத்து ஒருமுறை தேய்த்தால் போதும். அது ஆடா மாடா, வெயிலில் மேய்ந்ததா நிழலில் படுத்ததா, முள்வேலியில் உரசியதா, உண்ணிக்கு உதிரம் கொடுத்ததா என்று அந்த உயிரின் முழு வரலாற்றையும் அவ்விரல் ஓதிவிடும். மேசைமேல் தடிமன் அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. மதியழகன் சொன்னது சரியா என்று பார்க்க அன்று, கருவி சரியாக இருக்கிறதா என்று மதியழகன் பார்ப்பதற்கே அது வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை முதல்நாள் காலையில் வரிசையாக நிற்கவைத்து, கூரைத் தகரம் அதிர அவன் முழங்கும் பேரறிவுரை இது:

"தோலுக்குத் தண்ணி பட்டா ஊதும், காஞ்சா வெறைக்கும். இது ஒண்ண மட்டும் மறந்துடாதீங்க. மத்ததெல்லாம் நான் சொல்லித் தர்றேன்."

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மதியழகன் வைத்துக்கொள்ளவில்லை.

அன்னோனிடம் வெள்ளிநிறச் சிறுதேர் ஒன்று இருந்தது. முன்பே ஒருவர் ஓட்டிக் களைத்த கார்தான் எனினும், பொத்தானைத் தொட்டால் முன்கதவுக் கண்ணாடிகள் மின்விசையால் ஏறி இறங்கும் பெருமிதம் அதற்கு உண்டு. அந்தத் தேருக்கு ஒரு குறை. குண்டுகுழிகள் நிறைந்த அணைக்கட்டுச் சாலையில் உருளும்போதெல்லாம் இடது முன்கதவுக் கண்ணாடி கடகடவென்று பல்லடித்தது. கண்ணாடி ஓடும் பள்ளத்தில் பதித்திருந்த ரப்பர் தேய்ந்துபோனதே காரணம் என்று கண்ட தலைவன், அதை உருவி எறிந்தான். புது ரப்பர் வாங்கினானா என்றால், இல்லை. ஆம்பூர்க்காரன் எதற்கு ரப்பர் வாங்க வேண்டும்? செருப்புக்கு உள்ளே ஒட்டும் மென்மையான ஆட்டுத்தோலின் வெட்டுத்துண்டுகளைத் தேர்ந்து, நாடாவாகக் கீறி, தொழிற்சாலைப் பசையால் பள்ளம் நெடுக ஒட்டினான். கடகடப்பு ஒடுங்கியது. தேர் மௌனவிரதம் பூண்டது. அந்த வெற்றியைத் தெருவில் அறியாதவர் எவருமில்லை. தெரிந்துகொள்ளாமல் யாரையும் அவன் கடந்துபோகவிடவில்லை.

"ரப்பராவது ஒண்ணாவது. தோலுக்கு ஈடு இன்னா இருக்குது?" என்று பால்காரரிடமும் பிரகடனம் செய்தான்.

பின்பு மழை வந்தது. மழைக்குப் பின் வெயில் வந்தது, வேலூர் வெயில். அதன்பின் ஒருநாள் பொத்தானை அழுத்தியபோது கதவின் வயிற்றுக்குள்ளிருந்து நோயாளி முனகுவதுபோல் ஓர் ஒலி மட்டும் வந்தது. கண்ணாடி மேலேயே நின்றது.

மோட்டார்தான் பழுது என்று மதியழகன் நொடியில் தீர்ப்பளித்தான். எப்படிக் கண்டான் என்று கேட்கலாம். அந்தக் கதவில் கடைசியாகக் கைவைத்தவன் அவன். அவன் கைபடாதது மோட்டார் ஒன்றுதான்.

இதில் ஒரு கண்ணாடியின் ஏற்ற இறக்கம் மட்டுமே இருந்தால் நாமும் இக்காவியத்தைத் தொடங்கியிருக்க மாட்டோம். வரும் திங்கட்கிழமை, ஒடுகத்தூரில் அவன் தங்கை சௌமியாவுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண் பிறந்தவீட்டுக்கு வர வேண்டும். பிறந்தவீட்டார்தான் வந்து அழைத்துப்போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட அந்தக் குடும்பத்தில் பிறந்தவீடு என்று மிஞ்சியவன் மதியழகன் ஒருவனே. சௌமியாவோ சிறுவயது முதல் அடைத்த வண்டியில் உட்கார்ந்தால் குடல் புரள்பவள். பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துத் தருவதற்காகவே பிறந்தவன்போல அவன் வளர்ந்தான். வயிற்றில் கரு தரித்த புதிதில் அவள் கணவனுடைய குளுகுளு காரில் வாந்தியெடுத்துத் துவண்டு, அண்ணனுக்குப் போன் செய்து, "ண்ணா, உன் வண்டில முன்னாடி உக்காந்து ஜன்னல தெறந்து வச்சுட்டு வந்தா தான் எனக்கு ஒத்துக்கும்" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது ஒரு பேச்சுக்கு. அவன் கேட்டது ஒரு சாசனமாக. முன்சீட்டு, இடப்பக்கம், திறந்த ஜன்னல். அந்த ஜன்னல்தான் இப்போது இறங்க மறுத்து நின்றது.

ஊரில் நம்பகமான மெக்கானிக் குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் நம் தலைவன் போயிருக்க மாட்டான். புது மோட்டார் ஒன்றைத் தருவித்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் இந்தி பேசும் ஒருவர் கதவைக் கழற்றும் காணொளியை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்துத் தேறியிருந்தான். ஞாயிறு காலை, தோசைக்குப் பின், போர் முரசு கொட்டியது.

மனைவி சோபனா புளிச்சாதத்துக்குப் புளி கரைத்தபடியே வாசலுக்கு வந்தாள். மறுநாள் ஒடுகத்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய கலவைச் சாதங்கள் அத்தனையும் அவள் ஒருத்தியின் தலையில். ஆயினும் நல்லெண்ணத்தால் ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏங்க, அந்த தோல கொஞ்சம் பாருங்களேன். மழைக்கு அப்புறம் தானே இப்டி ஆச்சு."

தலைவன் மெல்லத் திரும்பினான். புருவம் வில்லாய் வளைந்தது. கையிலிருந்த திருப்புளி வேலாய் மின்னியது.

"தோலப் பத்தி எனக்கே சொல்றியா?"

சோபனா புளிக்குத் திரும்பிப் போனாள்.

இனி போரைக் கேளுங்கள். முதலில் வீழ்ந்தது கதவின் கைப்பிடிக் குழியில் பதுங்கியிருந்த திருகாணி. அடுத்து, கதவின் உட்பலகையைப் பற்றியிருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள், கோட்டை மதிலுக்குள் மறைந்துநின்ற வில்லாளிகள்போல, எங்கே இருக்கிறோம் என்று காட்டாமல் எதிர்த்தன. காணொளியில் அந்த இந்திக்காரர் சுண்டுவிரலால் நெம்பினார். பலகை பூப்போல் வந்தது. இங்கே தலைவன் தோசைத்திருப்பியைச் செருகி, காலைச் சக்கரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து, ஏழு தலைமுறைக்கும் கேட்கும்படி இழுத்தபோது படாரென்ற ஓசையோடு பலகையும் வந்தது, தலைவனும் பூந்தொட்டி வரைக்கும் வந்தான். கிளிப்புகளில் பாதி உடைந்து மாண்டன. தோசைத்திருப்பி வளைந்தது. இதைச் சோபனா பார்த்துவிடாமல் நிமிர்த்தப் பார்த்தான். அது வேறு பக்கம் வளைந்தது.

அந்நேரத்தில் எதிர்வீட்டு ஷபீ அஹமது, அதே தொழிற்சாலையின் சாயப்பிரிவில் தொட்டிகள் பலவற்றை ஆண்டவர், ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய லுங்கியோடும் டீ டம்ளரோடும் களத்துக்கு எழுந்தருளினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தாமே இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"இன்னா மதி, வண்டிக்கு ஆபரேஷனா?"

"மோட்டார் பேஜாரு பாய்."

"ஓ," என்றார் அவர். அந்த ஓவில் பல பொருள்கள் இருந்தன. தலைவன் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கதவின் உள்ளறைக்குள் தோள்வரை கைநுழைத்து, கூர்விளிம்புத் தகடுகள் முழங்கையில் கோலமிட, பழைய மோட்டாரைக் கழற்றி வெளிக்கொணர்ந்தான். பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துச் சோதித்தபோது அது விர்ரென்று உற்சாகமாகச் சுழன்றது. வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். காவியத் தலைவர்கள் அப்படி நிற்பதில்லை.

"பாருங்க பாய், சும்மா சுத்த சொன்னா நல்லா சுத்துது. பாரம் தூக்க சொன்னா மொனகுது. சரியான சோம்பேறி," என்று அந்தக் குற்றமற்ற மோட்டாரின்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, மண்தரையில் வீசினான். புது மோட்டாரைப் பட்டத்து யானையை அழைத்துவருவதுபோல் பெட்டியிலிருந்து எடுத்து, மார்போடு அணைத்து, குங்குமம் வைக்காத குறையாக உள்ளே பொருத்தினான். சாவியைத் திருகினான். பொத்தானின்மேல் விரலை வைத்தான். அண்டமெல்லாம் மூச்சடக்கி நிற்க, குறைந்தபட்சம் ஷபீ அஹமது டீயை உறிஞ்சாமல் இருக்க, அழுத்தினான்.

கதவு முனகியது. பழைய மோட்டார் முனகிய அதே சுருதியில் முனகியது.

அழுத்தினான், அழுத்தினான், விரல்நுனி சிவக்கும்வரை அழுத்தினான். கண்ணாடி அசையவில்லை. இதுவும் பழுதான சரக்கு என்று முடிவுகட்டி வாய்திறக்கப்போன வேளையில் கைப்பேசி ஒலித்தது. தங்கையின் கணவன், ஒடுகத்தூர்ச் சூரியபிரகாஷ், வெண்ணிறப் பெருந்தேருக்கு உரியவன். சோபனா சேதி சொல்லிவிட்டிருந்தாள்.

"மச்சான், ஜன்னல் ரிப்பேராமே. நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க. நம்ம வண்டிலயே சௌமியாவ கொண்டாந்து விட்டுர்றேன்."

நல்ல பிள்ளை. மனத்தில் கள்ளமில்லாமல் சொன்னது. ஆனால் தலைவனின் காதில் அது வேறுமாதிரி விழுந்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் இருந்தும் அவள் கணவன் வண்டியிலேயே பிறந்தவீட்டுக்கு வந்தாள் என்று நாளை ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவனுக்கே அப்படித் தோன்றும்.

"வேணாம் மாப்ள. நாளைக்கு ஜன்னல் தெறந்திருக்கும்," என்றான். இது சபதம்.

சபதம் செய்த சூட்டில், பொறியை நம்பாமல் தோள்வலியை நம்பி, கண்ணாடியைக் கீழிருந்து பற்றி இழுத்துவிடும் நோக்கோடு மீண்டும் கதவுக்குள் கைவிட்டான். இருட்டில் துழாவிய வலக்கைக் கட்டைவிரல், கண்ணாடி ஓடும் பள்ளத்தின் ஓரத்தில் எதன்மேலோ பட்டது. பழக்கதோஷத்தால் ஒருமுறை தேய்த்தது.

அந்த விரலுக்குச் சொந்தம் பந்தம் தெரியாது. எந்த முதலாளியின் சரக்கு, எந்த ஊர்ச் சரக்கு என்று அது பார்ப்பதில்லை. தேய்த்த நொடியிலேயே தீர்ப்பை ஓதியது: ஆட்டுத்தோல். நல்ல தோல்தான். நனைந்து ஊதியிருக்கிறது. ஊதி, வெயிலில் காய்ந்து, பசையோடு சேர்ந்து விறைத்துப்போய், கண்ணாடியை இடுக்கிபோல் கவ்வியிருக்கிறது. கழிவு.

மதியழகன் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதுபோல் அப்படியே நின்றான். அவன் நெஞ்சுக்குள் அப்போது நடந்ததே இக்கதையின் மெய்யான போர். எல்லாவற்றையும் பழையபடி மூடிவிடலாம். கம்பெனிக்காரன் ஓட்டை மோட்டாரை அனுப்பிவிட்டான் என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளையே கூட்டிவரட்டும் என்று போன் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் தோல்நாடா பற்றி எவருக்கும் தெரியாது. தரம்பிரிக்கும் மேசையில் சிங்கம் சிங்கமாகவே திங்கட்கிழமை கழிந்ததும் போய் உட்காரலாம். இந்தத் தரப்பில் பெரும்படை திரண்டு நின்றது. எதிர்த்தரப்பில் ஒருத்திதான். மூடிய வண்டியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஏழுமாத வயிற்றோடு, "இன்னும் எவ்ளோ தூரம்" என்று கேட்கும் சௌமியா. பெரும்படை சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்துபோனது.

"பாய்," என்றான் தலைவன், கதவைப் பார்த்தபடியே. "மோட்டார் நல்லாதான் இருக்குது. ரெண்டும்."

"அப்போ?"

"தோலு ஊதிப்போச்சு."

ஷபீ அஹமது டம்ளரைக் கீழே வைத்தார். தோல் யார் வைத்தது என்று கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அந்தப் பெருமையை அவர் தம் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டவர். அவரோ லுங்கியை மடித்துக் கட்டினார்.

"கத்தி எட்தா," என்றார். "நான் வெளிய இருந்து கண்ணாடிய அழுத்தறேன்."

தோல் சீவும் கத்தி வந்தது. தான் தேர்ந்து, தான் கீறி, தான் ஒட்டிய அந்த நாடாக்களைத் தன் கையாலேயே உரித்தெடுத்தான் மதியழகன். அவை எளிதில் வரவில்லை. ஆம்பூர்ப் பசை தன் தரத்தை அன்றுதான் முழுமையாக நிரூபித்தது. உள்ளிருந்து ஒருவன் சீவ, வெளியிலிருந்து ஒருவர் இரு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அப்பி, "யா அல்லா" என்று கீழ்நோக்கித் தேய்க்க, முதலில் ஒரு நகக்கண் அளவு இறங்கியது. பின்பு ஒரு விரல். பின்பு வெட்கத்தை விட்டுவிட்டு ஒரேயடியாகத் தொப்பென்று விழுந்தது.

சோபனா வாசலுக்கு வந்தாள். தரையில் கிடந்த தோல்சுருள்களைப் பார்த்தாள். வளைந்த தோசைத்திருப்பியையும் பார்த்தாள். உள்ளே போனாள். பரணில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. அன்று தலைவன் உருவி எறிந்த பழைய ரப்பரை, தூசி தட்டி, வட்டமாகச் சுருட்டிக் கட்டியபடியே கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு மீண்டும் போய்விட்டாள்.

ரப்பர் தன் பழைய சிம்மாசனத்தில் அமர்ந்தது. புது மோட்டார் பெட்டிக்குத் திரும்ப, மண்ணில் வீசப்பட்ட பழைய மோட்டார் துடைக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்கப்படாமல், பதவியில் மீண்டும் அமர்த்தப்பட்டது. பொத்தானை அழுத்தினான், கண்ணாடி இறங்கியது. மறுபடி அழுத்தினான், ஏறியது. இறக்கினான், ஏற்றினான், இறக்கினான். ஷபீ அஹமது வீட்டுக்குப் போய்விட்டார். தலைவன் மட்டும் காரில் உட்கார்ந்து, கண்ணீர் துளிர்க்க, இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். "போதும், பேட்டரி போய்டப்போவுது," என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தபிறகே நிறுத்தினான்.

திங்கள் புலர்ந்தது. ஒடுகத்தூரில் மேளம் இல்லாவிட்டாலும் மேளம் ஒலித்ததாகவே தலைவனுக்குக் கேட்டது. மலையடிவாரக் காற்றில் சந்தனம் மணக்க, இரு கைகளிலும் முழங்கைவரை வளையல் குலுங்க, கன்னத்தில் பூசிய மஞ்சளோடு சௌமியா வாசலுக்கு வந்தாள். ராகுகாலம் கழிந்திருந்தது. சூரியபிரகாஷின் வெண்ணிறப் பெருந்தேர் ஓரமாக நிற்க, அதன்முன்னே வெள்ளிநிறச் சிறுதேரைக் கொண்டுவந்து நிறுத்திய மதியழகன், உற்றாரும் ஊராரும் பார்க்கும்படி இடப்பக்கக் கண்ணாடியை மெல்ல, மிக மெல்ல, அரசவையில் திரைச்சீலை விலகுவதுபோல் இறக்கினான். எல்லோரும் அப்போது சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என்ன, அவன் பார்த்தான். தங்கையை முன்சீட்டில் அமர்த்தி, முந்தானையை ஒதுக்கி, கதவைப் பூப்போல் சாத்தினான்.

வண்டி அணைக்கட்டுச் சாலையில் ஏறியது. கண்ணாடி கடகடவென்று பல்லடித்தது. அது இன்று அவனுக்கு வாழ்த்துப்போல் இருந்தது. நிலக்கடலைக் கொல்லைகளைக் கடந்துவந்த காற்று சௌமியாவின் முன்நெற்றி மயிரைக் கலைத்தது. அவள் கண்களைச் சுருக்கினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ண்ணா."

"சொல்லும்மா."

"ஏசி வேலை செய்யுதா?"

"செய்யுது. ஏன்? உனக்குத்தான் ஏசி ஒத்துக்காதே. ஜன்னல் தெறந்திருந்தா தான..."

"அது சின்ன வயசுலயும் மாசமான புதுசுலயும் தான் ண்ணா. இப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க தூசி தான் மூஞ்சில அடிக்குது."

பின்சீட்டில் சோபனா மிகுந்த கவனத்தோடு வெளியே கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உடைந்த கிளிப்புகளும், வளைந்த தோசைத்திருப்பியும், கோலமிட்ட முழங்கையும், நிரபராதியான இரு மோட்டார்களும், உரித்தெடுத்த தோலும், அத்தோலோடு உரிந்துபோன அகந்தையும், மாப்பிள்ளையிடம் செய்த சபதமும், அப்பா அம்மா இல்லாத வீட்டின் மானமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைவனின் கண்முன்னே ஊர்வலம் போயின. அத்தனையையும் தங்கைக்கு எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நா துடித்தது. மடிமேல் வயிற்றைக் காத்தபடி கோத்திருந்த அவள் வளையல் கைகளைப் பார்த்தான். இனி இவளுக்கு ஜன்னலோர இடம் பிடிக்க வேண்டாம் என்று நினைத்தபோது கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது. பாரெங்கும் புகழ் பரவ வேண்டிய அந்த வலக்கைக் கட்டைவிரல் மெல்ல எழுந்தது.

மதியழகன் பொத்தானை அழுத்தி ஜன்னலை மூடினான்.